ரெண்டு பெட்டிக்கு நடுவில் ஒரு ஆள்

பத்மநாபபுரம் அரண்மனைக்கு டூர் போனவங்களுக்கு அந்தக் குதிரை விளக்கு கண்டிப்பா ஞாபகம் இருக்கும். வாசல் பூமுகத்தில், விதவிதமான மரப்பூக்கள் செதுக்கிய கூரைக்குக் கீழே தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். கைடு இதைச் சொல்லி முடிப்பதற்குள் நம்ம கேங்கில் பாதிப் பேர் அடுத்த அறைக்கு ஓடியிருப்பார்கள். போகட்டும். அடுத்த தடவை போனா விளக்கை விட்டுட்டு, அதைத் தாங்குற சங்கிலியைப் பாருங்க. கனத்தை விடாமல் பிடிக்கணும், அதே நேரம் திரும்பவும் விடணும். ரெண்டும் தெரிஞ்சாதான் அது கண்ணி.

இதே ரெண்டு வேலையை ஆயிரக்கணக்கான டன் கனத்தோடு செய்கிற ஒரு இரும்புச் சாமான், பக்கத்திலேயே இரணியல் ஸ்டேஷனைக் கடந்து தினமும் போகிறது. ரயில் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று கோர்க்கிற கப்ளிங்தான் அது.

இப்ப ஒரு சின்ன வேலை. பஸ்ஸில் இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்து சீட் அங்கிளைக் கண்டுக்காதீங்க. ரெண்டு கையின் நாலு விரல்களையும் கொக்கி மாதிரி மடக்கி, ஒன்றுக்குள் ஒன்றை மாட்டி இழுங்க. வராது இல்லையா? ஒரு கை விரலை மட்டும் நீட்டுங்க. கழன்று வந்துடும். ஆட்டோமேட்டிக் கப்ளிங்கின் மொத்த சூத்திரமும் இவ்வளவுதான். அமெரிக்காவில் விர்ஜீனியாவைச் சேர்ந்த ஈலை ஜேனி என்பவர் 1873-ல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். மனுஷன் மெக்கானிக்கல் இன்ஜினீயர் எல்லாம் இல்லை, ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். பேனாக்கத்தியால் மரத்தைச் செதுக்கி மாடல் செய்து பார்த்தார் என்கிறார்கள்.

மடக்கிய விரல் மாதிரி இருக்கும் இரும்புக்கு 'நக்கிள்' என்று பெயர். ஒரு கீலில் அது திரும்பும். ரெண்டு பெட்டி மெதுவாக வந்து மோதும்போது ஒரு நக்கிள் இன்னொன்றைத் தள்ளி மூட வைக்கும். மூடிய கணத்தில் பின்னால் ஒரு இரும்புக் கட்டை தன் கனத்தாலேயே கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் இல்லை, கரன்ட் இல்லை. கழற்ற வேண்டுமா? பெட்டியின் ஓரத்தில் நின்றபடி ஒரு லீவரைத் தூக்கினால் போதும். கட்டை மேலே ஏறும், விரல் விரியும்.

'ஓரத்தில் நின்றபடி' என்றேனே, அந்த ரெண்டு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன்னால் அமெரிக்காவில் இருந்தது வளையமும் ஆணியும். பெட்டி நகர்ந்து வரும்போதே ஒருத்தர் நடுவில் நின்று, வளையத்தைக் கையால் பிடித்து எதிர்ப்பக்கத் துளைக்குள் விட்டு, ஆணியைச் செருக வேண்டும். அரை விநாடி தப்பினால் விரல் போச்சு. கால் இடறினால் ஆளே போச்சு. வேலை கேட்டு வருகிறவனுக்கு ரெண்டு விரல் குறைந்தால் 'நல்ல அனுபவசாலி' என்று சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சே அந்தக் காலத்தில் உண்டு. ஜேனியின் கப்ளிங் வந்த பிறகும் கம்பெனிகள் செலவைப் பார்த்து இழுத்தடித்தன. லொரென்சோ காஃபின் என்ற அயோவாக்காரர் வருஷக்கணக்கில் கத்தித் தீர்த்தபிறகு, 1893-ல்தான் கட்டாயச் சட்டம் வந்தது. கண்டுபிடிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் 20 வருஷம். அதற்குள் எத்தனை விரல்கள்!

ஜப்பான்காரன் செய்ததுதான் செம. பழசும் புதுசும் ஒன்றோடு ஒன்று சேராது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற முடியாது. அதனால் பல வருஷம் திட்டம் போட்டு, புதுக் கப்ளிங்கை ஒவ்வொரு பெட்டிக்கும் கீழேயே முன்கூட்டிக் கட்டித் தொங்கவிட்டார்கள். 1925 ஜூலை 17 அன்று பிரதான தீவில் சரக்கு ரயில்களை நிறுத்தி, ஒரே நாளில் மாற்றிவிட்டார்கள். ஐரோப்பா? 1970-களில் முயற்சி செய்து கைவிட்டது. அங்கே சரக்கு ரயிலில் பெரும்பாலும் இன்னும் ஸ்க்ரூதான்.

நம்ம கதைக்கு வருவோம். நாகர்கோவிலுக்கு ரேஷன் அரிசி கொண்டுவரும் கூட்ஸ் ரயிலைப் பார்த்திருப்பீங்க. 40 வேகனுக்கு மேல் இருக்கும். பின்னால் இருக்கும் அத்தனை கனமும் எஞ்சினுக்கு அடுத்த அந்த ஒரே ஒரு 'விரலில்' தொங்கிக்கொண்டு வருகிறது. நம் கூட்ஸ் வேகன்களில் இந்தக் கப்ளிங் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ரயில்வேக்காரங்க சி.பி.சி. என்பார்கள்.

ஆனால் மனுஷங்க போகிற பெட்டியில்? சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த பழைய நீலப் பெட்டிகளில் நடுவில் ஸ்க்ரூ கப்ளிங், ரெண்டு பக்கமும் வட்டமான பஃபர். பாயின்ட்ஸ்மேன் குனிந்து நடுவில் போய், கனமான கண்ணியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, திருகித் திருகி இறுக்க வேண்டும். ஐ.சி.எஃப். அந்த ரகப் பெட்டி செய்வதை 2018 ஜனவரியில் நிறுத்தியது. இப்போது செய்கிற எல்.எச்.பி. பெட்டிகளில் சி.பி.சி. உண்டு. விபத்தில் ஒரு பெட்டி மேல் இன்னொன்று ஏறாமல் பிடித்துக்கொள்வதும் இதுதான். ஆரம்பத்தில் ஒரு குலுக்கல் குலுக்கிக் கிளம்பி, நம்ம சாயாவைச் சட்டையில் கொட்டின பாவமும் இதுக்குத்தான் சேரும்.

அப்போ பிரச்னை தீர்ந்ததா? நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கிப் பாருங்க. நெல்லைப் பாதையும் திருவனந்தபுரம் பாதையும் ஸ்டேஷனுக்கு ஒரே பக்கத்திலிருந்துதான் நுழைகின்றன. அதனால் சென்னையிலிருந்து வந்து திருவனந்தபுரம் பக்கம் போகிற ரயில் ஜங்ஷனுக்குள் வந்தால், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். டவுன் ஸ்டேஷன் வழியாகப் போனால் இந்த வேலை இல்லை. நாம் வடையோடு நிற்கும் அந்த இடைவேளையில் ஒருத்தர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இறங்குவார். கப்ளிங் தானாகப் பூட்டிக்கொள்ளும், வாஸ்தவம்தான். ஆனால் பிரேக்குக்கான காற்றுக் குழாய் தானாகச் சேராது. பிரேக் குழாயில் 5 கிலோ அழுத்தம், ஃபீடு குழாயில் 6. ரெண்டையும் அடைத்து, கழற்றி, மறுபடி மாட்டக் கைதான் வேணும். இரும்பு விரல் வந்து 150 வருஷம் ஆச்சு, ரப்பர் குழாய்க்கு இன்னும் மனுஷ விரல்!

2024 நவம்பர் 9 அன்று பீகாரில் பரௌனி ஜங்ஷனில் ஒரு ரயில்வே ஊழியர் லக்னோவிலிருந்து வந்த எக்ஸ்பிரஸின் எஞ்சினைக் கழற்ற நடுவில் போனார். எஞ்சின் நகர்ந்தது. அங்கேயே நசுங்கி இறந்தார். பட்டப்பகல், பிளாட்பாரம் பக்கம், சுத்தி ஆட்கள். போட்டோ எடுத்துப் பரப்பினவங்களும் உண்டு. கப்ளிங் என்ன ரகம் என்பதெல்லாம் அப்புறம். ரெண்டு கனத்துக்கு நடுவில் ஒரு உடம்பு நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காற்றையும் கரன்டையும் சேர்த்தே கோர்க்கிற கப்ளிங் இல்லாமல் இல்லை. கார்ல் ஷார்ஃபன்பெர்க் என்ற ஜெர்மானியர் 1903-லேயே அதற்கான வடிவத்துக்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். மெட்ரோ ரயில்களில் அந்த வம்சம் ஓடுகிறது. ஐரோப்பா இப்போது சரக்கு வேகனுக்கும் அப்படி ஒன்றைச் சோதித்துவருகிறது. இன்னொரு வழியும் உண்டு: எஞ்சினைக் கழற்றவே வேண்டாம் என்று செய்துவிடுவது. 2024 ஆகஸ்ட் 31-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத்துக்கு ரெண்டு முனையிலும் டிரைவர் கேபின். வந்தபடியே திரும்பிப் போகிறது. நாம் அதன் ஏ.சி.யையும் சீட்டையும்தான் ஸ்டேட்டஸ் போடுகிறோம். ஜங்ஷனில் ஒரு ஆள் நடுவில் இறங்கவேண்டிய வேலை மிச்சமானதை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

அதனால், அடுத்த முறை நாகர்கோவிலில் எஞ்சின் மாற்றும்போது மொபைலை உள்ளே வெச்சுட்டு எட்டிப் பாருங்க. ரொம்பப் பக்கத்தில் போய் அவரைத் தொந்தரவு செய்யாதீங்க, செல்ஃபியும் வேண்டாம். எஞ்சின் மெல்ல வந்து 'டக்'கென்று முட்டும். அப்புறம் கொஞ்ச நேரம் யாரையும் காணோம். 'புஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்கும். பிறகு குனிந்தபடி ஒரு தலை வெளியே வரும், நிமிரும், டிரைவரைப் பார்த்துக் கொடியை அசைக்கும்.

அந்தக் கொடி தெரிந்த பிறகுதான் வண்டி நகரும்.