இடம் காட்டுபவரின் வாக்கு

வளைகுடாவில் பல ஆண்டு உழைத்த ஒருவர் ஊரில் பத்து சென்ட் வாங்க நினைக்கிறார் என்றால், அவர் கைக்கு முதலில் வருவது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் தரகரின் வாக்கும்தான். அவர் விடுமுறையில் வந்து இடத்தை மிதித்துப் பார்ப்பதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருக்கும். தக்கலை, திருவிதாங்கோடு பகுதிகளில் இந்தத் தொழிலைச் செய்யும் சகோதரர்கள் நம்மிலும் பலர் உண்டு. வாங்குபவர்களுக்காக மட்டுமல்ல, அவர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

தரகு ஹலாலான தொழில். மதீனாவில் வியாபாரம் செய்தவர்களை மக்கள் ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள் என்றே அழைத்து வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைவிடச் சிறந்த பெயரால், ‘வணிகர்களே’ என்று அழைத்ததாகவும், வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளச் சொன்னதாகவும் கைஸ் பின் அபீ ஃகரஸா (ரலி) அறிவிக்கிறார்கள். வீண் பேச்சு என்றால் என்ன என்பது இடம் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். “பஸ் ஸ்டாண்டுக்கு அஞ்சு நிமிஷம்”, “வண்டி தாராளமா போகும்” என்பார்கள். எந்த வண்டி என்று நாம் கேட்பதில்லை. பாதையின் அகலத்தை டேப் பிடித்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அளவிலும் இதே கதைதான். நாம் பேசுவது சென்ட் கணக்கு. பட்டாவில் இருப்பது ஹெக்டேர், ஏர்ஸ். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 4 ஏர்ஸ் உள்ள இடம் 9.88 சென்ட்தான். அதைப் பத்து சென்ட் என்று விற்றால் சுமார் 50 சதுர அடி இல்லாத மண்ணுக்குக் காசு போகிறது.

அடுத்தது “வில்லங்கம் கிளியர்” என்ற சொல். வில்லங்கச் சான்றில் தெரிவது பதிவான பத்திரங்கள் மட்டுமே. வாப்பா மவுத்தான பிறகு கையெழுத்துப் போடாத சகோதரியின் பங்கு அதில் வராது. 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்ததால், பழைய பிரமாணங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. அதைப் படிக்காமலே ‘கிளியர்’ என்பது ஊகம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தரகருக்கு மதிப்புக் குறையாது.

தரகர்களுக்குள்ளே நடப்பதும் குடும்பங்களையே பாதிக்கிறது. ஒருவர் பேசி முடியும் தறுவாயில் இன்னொருவர் பின்னால் போய் விலை ஏற்றுவது. வாங்க எண்ணமில்லாத ஆளை நிறுத்தி “வேற பார்ட்டி ரெடி” என்பது. ஒருவரின் வியாபாரத்தின் மேல் மற்றவர் வியாபாரம் செய்வதையும், ‘நஜ்ஷ்’ எனப்படும் பொய்யான விலையேற்றத்தையும் மார்க்கம் தடுத்திருக்கிறது. தனக்குக் கமிஷன் கிடைக்காத இடத்தில் “அங்கே கேஸ் இருக்கு” என்று காதில் ஓதுவதோ அதைவிட மோசம். மகள் கல்யாணத்துக்காக இடத்தை விற்க நினைத்தவரின் விலை அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிடும். உண்மையிலேயே கேஸ் இருந்தால் அதன் எண்ணைச் சொல்லலாம்.

அதே நேரம், சக தொழிலாளி என்ற மரியாதைக்காகக் குறையை மறைக்கவும் கூடாது. அவர் சொன்னதில் தவறு தெரிந்தால் முதலில் அவரிடமே சொல்ல வேண்டும். அவர் திருத்தாவிட்டால், அட்வான்ஸுக்கு முன் வாங்குபவருக்குத் தெரிந்தாக வேண்டும். சரக்கின் குறையை மறைப்பதில் பரக்கத் இல்லை.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்யப்பட வேண்டிய மனைப்பிரிவிலோ அடுக்குமாடித் திட்டத்திலோ விற்பனை செய்து தரும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்வது அதில் முறைகேடு. ஆனால் தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் பழைய வீடு, விளை போன்றவை பெரும்பாலும் இதற்குள் வராது. நம் ஊரில் நடப்பதோ அதிகமும் அப்படிப்பட்ட விற்பனைதான். அங்கே எழுத்தே பாதுகாப்பு: சர்வே எண், ஏர்ஸ் அளவு, பாதை அகலம், உரியவர் கேட்கும் விலை, கமிஷன் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தரகரின் கையெழுத்தோடு வாங்குங்கள். கமிஷனை முதலிலேயே பேசிவிட்டால், உரியவர் சொன்ன விலைக்கு மேல் வைத்துச் சொல்ல வேண்டிய தேவை அவருக்கும் வராது.

பட்டாவும் வில்லங்கமும் இணையத்தில் பார்க்கத் தெரியாதவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உடனிருந்து பார்த்துத் தருகிறோம். பத்திர நகலும் சர்வே எண்ணும் கையில் இருக்கட்டும்.