130க்கும் 140க்கும் நடுவே

பினாங்கு லிட்டில் இந்தியாவில் காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு பக்கத்து மருந்துக்கடைக்குப் போய் பிரஷர் பார்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. வெயிலில் வேகமாக நடந்து வந்து நாற்காலி நுனியில் உட்காருவார்கள். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள். கை மடியில் கிடக்கும். கல்லாவில் நிற்பவரோடு பேச்சும் நிற்காது. இயந்திரம் இரைந்து ஓய்ந்ததும் திரையில் 138/88. "இன்னொரு தரம் பாருங்க." இரண்டாம் தரம் 146. நெஞ்சு படபடக்கிறது. மூன்றாம் தரம் பார்த்தால் அதற்கும் மேலே.

இவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறதா? பதில் அவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் பொறுத்தது. மேல் அளவு 130 முதல் 139 வரை, அல்லது கீழ் அளவு 85 முதல் 89 வரை இருந்தால் அதை 'அபாய விளிம்பு' என்கிற வகையில் சேர்க்கிறது மலேசிய மருத்துவர்களின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி. 140/90ஐத் தொட்டால்தான் நோய். அமெரிக்க இதயநோய் மருத்துவர்களோ 2017லேயே கோட்டை 130/80க்கு இறக்கிவிட்டார்கள். அதாவது 138/88 உள்ளவர் பினாங்கில் விமானம் ஏறும்போது விளிம்பில் நிற்பவர்; நியூயார்க்கில் இறங்கும்போது நோயாளி. ரத்தக்குழாய்க்குக் கோடு எதுவும் தெரியாது. அளவு ஏற ஏற ஆபத்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களில் 30 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்த விஷயமே தெரியாது. அதே ஆய்வில், கூடுதல் எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் நாட்டில் பாதி. இந்தியர்களிடையே ஏறத்தாழ 64 விழுக்காடு. ஆகவே மருந்துக்கடை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயமே அவருடைய எண்ணை ஏற்றிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ஷிப்பியோனே ரிவா ரோச்சி 1896இல் கொண்டுவந்தார். மனநிலை அளவை மாற்றும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. எவ்வளவு மாற்றும் என்பதை 1983இல் ஜூசெப்பே மான்சியாவின் குழு அளந்து காட்டியது. 48 நோயாளிகளின் தமனிக்குள் கருவி வைத்து இடைவிடாமல் அழுத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது, மருத்துவர் அறைக்குள் வந்தார். வந்த 4 நிமிடங்களுக்குள் மேல் அளவு சராசரியாக 27, கீழ் அளவு 15 மில்லிமீட்டர் ஏறியது. ஊசி இல்லை, திட்டு இல்லை; ஒரு மனிதர் வந்து பட்டை சுற்றி அளந்தார், அவ்வளவே. 1988இல் தாமஸ் பிக்கரிங் நியூயார்க்கில், விளிம்புநிலை அழுத்தம் உள்ள, மருந்து எடுக்காத 292 பேரின் உடலில் நாள் முழுக்க அளக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்தார். 21 விழுக்காட்டினரின் அழுத்தம் கிளினிக்குக்கு வெளியே இயல்பாகவே இருந்தது.

இதைப் படித்ததும் "எனக்கும் அதுதான், வெறும் டென்ஷன்" என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கும். அந்த ஆசை ஆபத்தானது. மருத்துவரின் வெள்ளைக்கோட்டைக் கண்டு ஏறும் அழுத்தம் சிலருக்குச் சில ஆண்டுகளில் நிரந்தரமாகிவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, கிளினிக்கில் இயல்பாகவும் வீட்டில் உயர்ந்தும் இருப்பவர்களும் உண்டு.

உண்மை எண் வேண்டுமானால் வீட்டில்தான் தேட வேண்டும், அதுவும் ஒழுங்காக. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில் மேசை மேல். கையை மடியில் வைத்தாலே அளவு 4 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும், பக்கவாட்டில் தொங்கவிட்டால் மேல் அளவு 6.5 கூடும் என்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு 2024இல் சொன்னது. காலையில் இரண்டு, இரவில் இரண்டு என ஏழு நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றவற்றின் சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் மூச்சு விடலாம். அதன்பின் இயந்திரம் அலமாரிக்குள் போய்விட வேண்டும். பதற்றம் உள்ளவர்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் தோற்கிறார்கள்: மணிக்கொரு தரம் பார்ப்பதும், பார்த்துப் பயப்படுவதும், பயந்து மறுபடி பார்ப்பதுமாக ஒரு நாளில் இருபது எண்கள் சேரும். அந்த இருபதில் ஒன்றுக்கும் மருத்துவ மதிப்பில்லை.

பருமனானவர்களுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. பெரும்பாலான கடைகளில் இருப்பது ஒரே அளவுப் பட்டை. 2023இல் வெளியான மற்றொரு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைப் போட்டபோது மேல் அளவு 19.5 மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டியது. இல்லாத நோய்க்கு மாத்திரை எழுத அது போதும். டெய்லர் துணி வெட்டும் முன் அளவெடுப்பதைப்போல, இயந்திரம் வாங்கும் முன் மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்வது நல்லது.

சரி, பதற்றம் நிரந்தர ரத்தக் கொதிப்பைக் கொண்டுவருமா? பயந்த கணத்தில் அட்ரினலின் சுரந்து அழுத்தம் ஏறுவதும், பயம் தணிந்ததும் இறங்குவதும் தெரிந்ததே. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் பதற்றம் பெரும்பாலும் சுற்றுவழியில்தான் வேலை செய்கிறது. தூக்கம் கெடும். நடுராத்திரியில் கை பலகாரப் பெட்டியைத் தேடும். நடந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அது மாரடைப்போ என்ற பயத்தில் நடையே நின்றுபோகும். எடை ஏறும், எடையோடு அழுத்தமும் ஏறும். அந்த எண்ணைப் பார்த்துப் பதற்றம் இன்னும் கூடும். பதற்றம், எடை, அழுத்தம் மூன்றையும் மூன்று நோயாக நினைத்து மூன்று மருத்துவரிடம் போகிறவர்களுக்கு இந்த வட்டம் கண்ணில் படுவதே இல்லை.

எடை விஷயத்தில் தமிழர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3தான். உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதனால்தான் ஆசியர்களுக்கு அந்தக் குறியீட்டில் 23க்கு மேலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

ஆறுதலான கணக்கும் இருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறையும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட சராசரி. 138இல் நிற்பவருக்கு 5 கிலோவே பெரிய விஷயம். 20 கிலோ குறைக்கச் சபதம் எடுத்து, மூன்றாம் வாரம் கைவிட்டு, தன்னையே திட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டைத் தவிர்த்து நடக்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது குழம்பை. நாசி கண்டார் தட்டில் மீன் குழம்பு, கோழிக் குழம்பு, தாளிச்சா என்று நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு மிதக்க ஊற்றுவதுதான் அதன் ருசி, உப்பும் அங்கேதான். மலேசியர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 7.9 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்று 2017-18 ஆய்வு கண்டது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கினால் ஊற்றிக்கொள்ளும் அளவு தானாகக் குறையும். இழுத்து ஆற்றும் பால் தேநீரான தே தாரிக்கில் கெட்டிப்பால் இனிப்பு எடையைக் கூட்டும், காஃபின் படபடப்பைக் கூட்டும். சாயங்காலத்துக்குப் பிறகு குடித்தால் தூக்கத்துக்கும் கேடு. பகலில் பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' கேட்டால் சர்க்கரையாவது போகும்.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருமனான ஒருவர் உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சடைத்துத் திடுக்கிட்டு எழுந்து, இதயம் தடதடக்க உட்கார்ந்தால் வீட்டார் அதைப் 'பயந்த கோளாறு' என்பார்கள். பல நேரம் அது தூக்கத்தில் மூச்சுத்தடை. இரவெல்லாம் ஆக்சிஜன் இறங்கி ஏறும்போது அழுத்தமும் ஏறும். எடை, பதற்றம், பிரஷர் மூன்றும் ஒரே இடத்தில் முடிச்சுப்போட்டுக்கொள்வது இங்கேதான். பரிசோதித்தால் கண்டுபிடித்துவிடலாம், பலருக்கு அந்த யோசனையே வருவதில்லை.

உடற்பயிற்சி என்றதும் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகள் நினைவுக்கு வந்து பதறவேண்டியதில்லை. 2023இல் 270 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த தொகுப்பில், அசையாமல் தசையை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகள் மேல் அளவை சராசரி 8 மில்லிமீட்டரும், நடை, ஓட்டம் போன்றவை 4.5 மில்லிமீட்டரும் குறைத்திருந்தன. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தாற்போல 2 நிமிடம் நிற்பது, இளைப்பாறி, மறுபடி. நான்கு தரம், வாரம் மூன்று நாள். மூச்சை மட்டும் அடக்கக்கூடாது. நெஞ்சு படபடப்புக்கு அஞ்சி நடையை விட்டவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டிலேயே தொடங்கலாம். நடைக்கு இது மாற்று அல்ல. எடைக்கும் சர்க்கரைக்கும் நடைதான் வேண்டும்.

மாத்திரைகளிலும் கண் வேண்டும். மனப்பதற்றத்துக்குத் தரப்படும் வென்லாஃபாக்சின் சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். மிர்டாசபின் எடையைக் கூட்டும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபிட்ரின், மூட்டுவலிக்கு வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் பிரஷரை ஏற்றக்கூடியவை. எதையும் தானாக நிறுத்தக்கூடாது. மாற்று உண்டா என்று கேட்கலாம். பதற்றத்துக்கு மனநல ஆலோசனை பெறுவதும் பிரஷர் சிகிச்சையின் ஒரு பகுதிதான். மேல் அளவு 180ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ ஒரு பக்கம் பலவீனமோ பேச்சுக் குழறலோ இருந்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் 999ஐ அழைக்க வேண்டும். மற்றவர்களுக்கு அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்கள் கட்டணம் 1 ரிங்கிட். ஏழு நாள் எண்கள் எழுதிய தாள், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், குறட்டையைக் கேட்ட வீட்டார் ஒருவர் — மூன்றோடும் போனால் மருத்துவருக்கு வேலை பாதி குறையும்.