பனிக்கண்டத்தில் மாவு புளிக்குமா?

குட்டீஸ், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமல்பட்டியைத் தெரியுமா? ஜோலார்பேட்டையில் இருந்து சேலம் போகும் ரயில் பாதையில் இருக்கிற ஊர். அங்கே ஆகட்டும், உங்கள் ஊரில் ஆகட்டும், லாரி பட்டறைத் தரையைப் பார்த்தால் டீசல் சிந்திச் சிந்தி மண் கறுத்திருக்கும்.

அந்த டீசலைத் தின்னும் பாக்டீரியாக்கள் மண்ணிலேயே உண்டு! நம் வெயிலில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும். டெல்லியில் உள்ள 'டெரி' நிறுவனம் இப்படிப்பட்ட பாக்டீரியாக்களைச் சேர்த்து 'ஆயில்ஜாப்பர்' என்ற கலவையே தயாரித்திருக்கிறது. அஸ்ஸாம் எண்ணெய் வயல்களில் அது பயன்பட்டது.

சரி, அண்டார்டிகாவில் டீசல் கொட்டினால்?

அங்கேயும் டீசல் உண்டு. நம் நாட்டின் மைத்ரி (1989), பாரதி (2012) ஆய்வு நிலையங்களில் விளக்கெரிய, அறை சூடாக, ஜெனரேட்டர் ஓட எரிபொருள் வேண்டுமே! கொஞ்சம் கசிந்தாலும் தொல்லைதான். அடியில் நிலம் உறைந்து கல்லாக இருப்பதால் எண்ணெய் பக்கவாட்டில் பரவும். கோடையில் பனி உருகும்போது அந்த நீரோடு கடலுக்கும் போகும்.

இட்லி மாவை ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் புளிப்பதில்லை அல்லவா? அதே கதைதான் இங்கும். குளிரில் பாக்டீரியாக்கள் சோம்பிக் கிடக்கும். 'ஆயில்ஜாப்பரைக் கொண்டுபோய்த் தூவலாமே' என்று கேட்பீர்கள். கூடாது! 1991-ல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கைப்படி, வெளியூர் உயிர்களை அங்கே விட்டுவிட முடியாது. உள்ளூர் பாக்டீரியாவைத்தான் தட்டி எழுப்ப வேண்டும்.

கேஸி என்ற ஆஸ்திரேலிய நிலையத்தில் அதைத்தான் செய்தார்கள். 2011-ல் எண்ணெய் கலந்த மண்ணைத் தோண்டி எடுத்து, அடியில் கசியாத விரிப்புப் போட்டுக் குவித்தார்கள். உள்ளே குழாய் வைத்துக் காற்று செலுத்தினார்கள். பயிருக்கு உரம் போடுவது போல நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்தும் கொடுத்தார்கள். இதில் ஒரு சிக்கல். உரம் அதிகமானால் உப்பு கூடிவிடும். ஊறுகாயில் கிருமி வளராதது போல, பாக்டீரியாவும் தண்ணீர் இல்லாமல் வாடிவிடும். அளந்துதான் போட வேண்டும்.

கோடை சில மாதங்கள்தான். அதனால் நம் ஊரில் மாதக்கணக்கில் முடியும் வேலை அங்கே ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆனாலும் மண் சுத்தமானது. அதைக் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பவில்லை. நிலையத்தில் புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது அந்த மண்ணையே பயன்படுத்திக்கொண்டார்கள்!