பத்து ஜோடி வெறுங்காலும் ஒரு ஜோடி பூட்ஸும்

ஆம்பூரில் காலணிக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால், திருநெல்வேலியில் அல்வாவுக்குப் பஞ்சம் என்று சொன்னதைப் போல நேயர்கள் நகைப்பார்கள். வாணியம்பாடி தொடங்கி ராணிப்பேட்டை வரையில் பாலாற்றை ஒட்டிய ஊர்களெல்லாம் தோலை நம்பிப் பிழைக்கின்றன. பொழுது விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் புகுந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. அவர்கள் தைக்கிற ஜோடுகளை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் முன்பின் அறியாத மனிதர்கள் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில், நாம் சரித்திரம் போதிக்கும் பள்ளிக்கூடத்தின் கால்பந்துக் கோஷ்டிக்குச் சென்ற ஆண்டு பூட்ஸ் இல்லை. பையன்கள் பாலாற்று மணலில் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள். (ஆறு எப்படி மைதானமாயிற்று என்பது வேறு கதை, 1996-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வரையில் போன கதை.) வெளியூர்ப் பந்தயத்துக்குப் போக வேண்டும், எதிர்க் கோஷ்டியார் பூட்ஸுடன் வருவார்கள். ஆகையால் பதினான்கு ஜோடி வேண்டும் என்று விளையாட்டுக் கமிட்டியில் விண்ணப்பம் வைத்தோம். கமிட்டிப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் சார், அந்த மோஹன் பகான்காரர்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டா வெள்ளைக்காரனை ஜயித்தார்கள்? சுதந்திர தினத்தன்று நீங்கள்தானே மேடையேறி அந்தக் கதையைச் சொன்னீர்கள்?"

நமக்கு வாய் அடைத்துவிட்டது. சொன்னது நாமேதான். கை தட்டலும் பலமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, அந்தக் கதையை முதலிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினோம். படித்ததில் தேறிய விஷயங்களை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1889-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி வடகல்கத்தாவில் இந்தச் சங்கம் பிறந்தது. அந்தத் தேதிக்குப் பின்னால் வரப்போகும் மகிமையை அன்று யார் அறிவார்? மோஹன் பகான் என்பது ஒரு தோட்ட மாளிகையின் பெயர். அதன் மைதானத்தில் ஆடத் தொடங்கிய வாலிபர்கள் அந்தப் பெயரையே தங்கள் சங்கத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். முதல் தலைவர் பூபேந்திரநாத் பாஸு. நம்மவர்களுக்கு இவர் அந்நியர் அல்லர். 1914-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் இவரே.

முதல் பதினைந்து வருஷ காலம் சங்கத்துக்குப் பெரிய கியாதி ஒன்றுமில்லை. 1905-ல் வங்காளம் துண்டாடப்பட்டது. தெருவெல்லாம் சுதேசி முழக்கம். அதே வருஷத்தில் சின்சுராவில் நடந்த கிளாட்ஸ்டன் கோப்பைப் பந்தயத்தில் மோஹன் பகான், டல்ஹௌஸி என்ற ஐரோப்பியக் கோஷ்டியை ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. 1906 முதல் 1908 வரை டிரேட்ஸ் கோப்பை மூன்று தடவை தொடர்ந்து கிடைத்தது. இனி எஞ்சியிருந்தது ஐ.எப்.ஏ. கேடயம் ஒன்றுதான். 1893 முதல் நடந்துவந்த அந்தப் பந்தயத்தில் எந்த இந்தியக் கோஷ்டியும் கேடயத்தைத் தொட்டதில்லை.

1911 ஜூலை மாதத்தில் முதலில் செயிண்ட் சேவியர் கல்லூரி, மூன்று கோல் வாங்கித் தோற்றது. அடுத்து ரேஞ்சர்ஸ், பிறகு ரைபிள் பிரிகேட். அரை இறுதியில் மிடில்ஸெக்ஸ் பட்டாளம் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தது. மறுபடி ஆடியபோது மோஹன் பகான் மூன்று கோல் போட்டது. ஜூலை 29-ந் தேதி, சனிக்கிழமை, இறுதிப் பந்தயம். எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளம்.

அன்று கல்கத்தா மைதானத்தில் கூடிய ஜனத்திரளை எண்பதினாயிரம், லட்சம் என்றெல்லாம் சொல்கிறார்கள். விசேஷ ரயில் விட்டார்கள். டிக்கெட்டுகள் கள்ளத்தனமாகப் பன்மடங்கு விலைக்கு விற்றன. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பந்தைக் கண்ணாலும் காணவில்லை. அவர்களுக்காகக் காற்றாடி பறக்கவிட்டு அதன் மூலம் கோல் கணக்கைத் தெரிவித்தார்களாம். காற்றாடியைப் பார்த்துப் பந்தாட்டம் ரஸித்த ஜனங்களை எண்ணும்போது நமக்கு அவர்கள்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டாகிறது.

முதல் கோல் பட்டாளத்தார் போட்டது. ஜாக்ஸன் என்பவன் உதைத்த பந்து உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மோஹன் பகான் தலைவர் சிவதாஸ் பாதுரி பதில் கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடிகிற தறுவாயில் அபிலாஷ் கோஷ் என்ற கல்லூரி மாணவர் இரண்டாவது கோலைப் போட்டார். கேடயம் கிடைத்தது. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு டிஸம்பர் மாதத்தில் வங்காளப் பிரிவினை ரத்தாயிற்று. தலைநகரம் டில்லிக்கு மாறிற்று. ஒரு கோலுக்குப் பயந்து சாம்ராஜ்யம் தலைநகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது என்று சிலர் சொல்வதுண்டு. அது வெறும் கதை. ராஜ்ய விவகாரம் கோல் கம்பத்துக்கு இடையில் தீர்வதில்லை. ஆனால் ஆறு வருஷமாக மனம் புழுங்கிக் கிடந்த ஒரு ஜனசமூகத்துக்கு, பட்டாளத்துச் சிப்பாயும் தோற்கக்கூடியவன்தான் என்று கண்ணெதிரே தெரிந்தது சாமானியமான விஷயம் அல்ல.

இனி, கமிட்டிப் பெரியவர் எழுப்பிய விஷயத்துக்கு வருவோம். அன்று ஆடிய பதினொருவரில் பத்துப் பேருக்கு வெறுங்கால் என்பது உண்மை. பதினோராவது ஆசாமி ஒருவர் உண்டு. அவரைத்தான் நாம் மேடையில் ஏறும்போதெல்லாம் வசதியாக மறந்துவிடுகிறோம். அவர் பெயர் ஸுதீர் சட்டர்ஜி. பின்னணியில் இடதுபுறம் காத்தவர்; கிறிஸ்தவர்; பிற்காலத்தில் பாதிரியானவர். அவர் பூட்ஸ் அணிந்தே ஆடினார். அவருடைய தேசபக்திக்கு அதனால் ஒரு குறைவும் வந்துவிடவில்லை. கேடயத்துடன் எடுத்த புகைப்படத்தில் அவரும்தான் இருக்கிறார்.

மற்றப் பத்துப் பேரும் விரதம் பூண்டு வெறுங்காலுடன் வந்தவர்களா? அப்படி ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் மாணவர்கள், சொற்பச் சம்பள உத்தியோகஸ்தர்கள். சிவதாஸ் பாதுரி கால்நடை வைத்திய இலாகாவில் வேலை பார்த்தவர். சிறு வயது முதல் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர்கள். சீமைப் பூட்ஸ் அவர்கள் கைக்கு எளிதில் எட்டும் சரக்கு அல்ல. காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தை லாகவமாகத் தொட்டு விளையாடும், சேற்றில் வழுக்கும், ஆணி அடித்த பூட்ஸின் கீழ் அகப்பட்டால் நசுங்கும். இல்லாமையைத் திறமையால் ஈடுகட்டினார்கள். அந்தத் திறமையைப் புகழ வேண்டிய நாம், கொஞ்சம் கொஞ்சமாக அந்த இல்லாமையையே புகழத் தொடங்கிவிட்டோம்.

இவ்விடத்தில் நம் ஊர்ச் சமாசாரம் ஒன்று குறுக்கிடுகிறது. அந்தக் காலத்தில் நம் சென்னை ராஜதானியின் டேனரிகளில் ஆவாரம் பட்டையில் ஊறப் போட்டுப் பதனிட்ட தோல், மூட்டை மூட்டையாக லண்டன் சந்தைக்குக் கப்பலேறிற்று. ஜோடாக ஆனது அங்கேதான். முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு இந்தத் தோல் ஏராளமாகச் செலவாயிற்று. தோல் இங்கே, ஜோடு அங்கே, வெறுங்கால் மறுபடியும் இங்கே! 1970-களில் அரைப் பதத் தோலை ஏற்றுமதி செய்வதற்குச் சர்க்கார் கட்டுப்பாடு விதித்த பிறகுதான் நம் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் பெருகின. ஈஸ்ட் யார்க்ஷயர் சிப்பாய்கள் அன்று மாட்டியிருந்த பூட்ஸின் தோல் எங்கிருந்து வந்ததோ, அது தெரியாது. பாலாற்றங்கரையில் குடியிருக்கிறவனுக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றாமல் இராது.

மோஹன் பகானின் பிற்காலச் சரித்திரம் மேடையில் சொல்லப்படுவது அபூர்வம். கேடயம் மறுபடி கிடைப்பதற்கு 36 வருஷம் ஆயிற்று, 1947-ல்தான் வந்தது. 1915-ல் கல்கத்தா லீகின் முதல் பிரிவில் சேர்ந்த சங்கம், 1939-ல்தான் அதில் முதலிடம் பெற்றது. அதற்குள் வேறொரு இந்தியச் சங்கம், முகம்மதன் ஸ்போர்ட்டிங், 1934 முதல் 1938 வரையில் ஐந்து வருஷம் தொடர்ந்து லீகை ஜயித்துவிட்டது. அவர்கள் பெங்களூர் வரையில் ஆள் அனுப்பிப் பொறுக்கு மணிகளாகச் சேர்த்தார்கள். மழை பெய்து தரை சேறானால் பூட்ஸ் அணிந்து ஆடினார்கள். அவர்களில் சலீம் என்ற ஆட்டக்காரர் மட்டும் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுவதையே விரும்பினார். 1936-ல் ஸ்காட்லாந்து சென்று, செல்டிக் என்னும் புகழ்பெற்ற சங்கத்துக்காக இரண்டு பந்தயங்களை அப்படியே ஆடிப் பார்த்தவர்களைப் பிரமிக்க வைத்தார். வேண்டியவர் வேண்டியபடி ஆடட்டும். ஆனால் வேண்டியபடி ஆடுவது வேறு, வேறு வழியின்றி ஆடுவது வேறு.

நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1948-ல், லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் நம் கோஷ்டி பிரான்ஸை எதிர்த்தது. தலைவர் தாலிமெரென் ஆவோ நாகநாட்டவர். மோஹன் பகானில் ஆடியவர். பெரும்பாலோருக்கு வெறுங்கால். இரண்டு பெனால்டிகளை வீணாக்கி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். பெயரே நம் பக்கத்து வாசனை வீசுகிறது அல்லவா? பத்திரிகைகள் நம்மைப் புகழ்ந்தன. அந்தப் புகழ்ச்சியே வினையாயிற்று என்பது நம் அபிப்பிராயம். 1951-ல் டில்லியில் ஆசிய விளையாட்டில் தங்கப் பதக்கம் கிடைத்தது. தலைவர் மோஹன் பகானின் சைலேன் மன்னா. அடுத்த வருஷம் ஹெல்ஸிங்கி. அதே மன்னா தலைமையில், நடுக்கும் குளிரில், பலர் வெறுங்காலுடன் இறங்கினார்கள். யுகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று.

அதன் பிறகுதான் இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கிற்று. நாலே வருஷத்தில், 1956-ல் மெல்போர்னில், பூட்ஸ் அணிந்த இந்தியக் கோஷ்டி ஒலிம்பிக்கில் நாலாவது ஸ்தானத்தைப் பிடித்தது. அதற்கு மேல் நாம் இதுவரை போனதில்லை.

மோஹன் பகான் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது. 1977-ல் பீலே ஆடிய காஸ்மாஸ் கோஷ்டியுடன் இரண்டுக்கு இரண்டு என்று சமன் செய்தது. 1989-ல் நூற்றாண்டுக்குத் தபால் தலை வெளியாயிற்று. 1998-ல் ஒரு மதுபானக் கம்பெனியின் பெயர் சங்கத்தின் பெயருக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. சுதேசிக் காலத்துப் பெரியவர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! 2020-ல் வேறொரு கம்பெனிக் கோஷ்டியுடன் இணைந்தது. பெயரில் சேர்ந்த புது எழுத்துகளை எடுக்கச் சொல்லி அபிமானிகள் ஓயாமல் சண்டை போட்டார்கள். 2023-ல் அந்த எழுத்துகள் போய் வேறு அடைமொழி வந்தது. 2024-25-ல் இந்தியன் சூப்பர் லீகின் கேடயம், கோப்பை இரண்டையுமே ஜயித்தது. நம் பையன்கள் கைப்பேசியில் பார்த்துப் பெயர் சொல்லும் மோஹன் பகான் இதுதான். அங்கே ஆடுகிறவர்களில் ஆஸ்திரேலியர்களும் உண்டு. வெறுங்கால் ஒன்றுகூட இல்லை.

அடுத்த கமிட்டியில் இவ்வளவையும் சொல்ல நமக்கு அவகாசம் கொடுக்கவில்லை. 1911-ம் ஆண்டுப் புகைப்படத்தை மட்டும் மேஜைமேல் வைத்து ஸுதீர் சட்டர்ஜியைச் சுட்டிக் காட்டினோம். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இவர் மட்டும் ஏன் போட்டார்?" என்று கேட்டார். "அவரிடம் இருந்தது, போட்டார்," என்றோம். ஏழு ஜோடிக்குப் பணம் அனுமதித்தார்கள். மற்ற ஏழு ஜோடியை வாத்தியார்களும் பழைய மாணவர்கள் சிலரும் பார்த்துக்கொண்டார்கள்.

பெட்டி வந்த அன்று பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். பின்னணியில் ஆடும் பையனின் தாயார் கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். அவன் ஒரு பூட்ஸை எடுத்து வளைத்தான், முகர்ந்தான், தையலை நகத்தால் கீறிப் பார்த்தான். "சார், இது தோலே இல்லை, ரெக்ஸின் மாதிரி ஏதோ. தையலும் பேருக்குத்தான், எல்லாம் பசை," என்றான். எங்கே செய்தது என்று உள்ளே திருப்பிப் பார்த்தார்கள். நம் ஜில்லா அல்ல. பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முதல் இரண்டு நாளும் ஒருவனுக்காவது பந்து சொன்னபடி கேட்கவில்லை. நாலு பேருக்குக் குதிகால் தோல் உரிந்தது. கோல் காப்பவனுக்கு அளவு பெரிதாகப் போய்விட்டபடியால், முனையில் பழைய பத்திரிகைக் காகிதத்தைச் சுருட்டி அடைத்துக்கொண்டு நின்றான்.