நின்று நின்று ஓடும் டீசல் லோடர்: எரிபொருள் தொகுதியில் பிழை காணும் முறை



"வேலை செய்துகொண்டிருந்த டீசல் லோடர் சிறிது நேரத்தில் வலு குறைந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. பின்னரும் நிற்கிறது. இதற்கான காரணத்தைக் கண்டறியும் முறையை விளக்குக."

இவ்வாறான வினாவுக்குப் பலர் எழுதுவது ஒரு வரிதான்: "பம்பி பழுதடைந்துள்ளது." இவ்விடை சில வேளை சரியாகவும் இருக்கலாம். ஆனால் வினா கேட்பது காரணத்தை அல்ல, கண்டறியும் முறையை. பரீட்சையில் இதனால் புள்ளி போகும். வேலைத்தளத்தில் பணம் போகும். அடைபட்ட தாங்கி மூடி ஒன்றுக்காக, நல்ல பம்பியைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பிய கதைகள் எல்லா ஊர்களிலும் உண்டு.

கலைப்பிரிவில் படித்த எனக்கே இப்பாடம் விளங்கியது. உங்களுக்கு விளங்காமல் போகாது. ஒரு விடயத்தை மட்டும் மனதில் நிறுத்துங்கள்: டீசல் செல்லும் பாதையைத் தாங்கியிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும். இலகுவானதை முதலிலும் விலை கூடியதைக் கடைசியிலும் பார்க்க வேண்டும்.

1. எமது பிரதேசமும் லோடரும்

பாசிக்குடா, கல்குடா, வாழைச்சேனைப் பகுதிகளில் லோடரைக் காணாத பிள்ளை இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் இடிபாடுகளை அகற்றவும், 2009 இல் யுத்தம் முடிந்த பின் பாசிக்குடாக் கரையில் விடுதிகள் கட்டப்பட்டபோது மணலும் கல்லும் அள்ளவும் இத்தகைய இயந்திரங்கள் தேவைப்பட்டன. மாரி காலத்தில் வாவி நிரம்பித் தாழ்நிலங்களில் வெள்ளம் ஏறும்போது, முகத்துவார மணல்திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது மட்டக்களப்பில் வழக்கம். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அத்தகைய நேரத்தில் இயந்திரம் ஒரு மணித்தியாலம் நின்றாலும் அந்த ஒரு மணித்தியாலமும் வீட்டுக்குள் நீர் ஏறும்.

எமது சூழலும் டீசலுக்கு உகந்ததல்ல. கடற்காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. கரையில் நுண்மணல் பறக்கும். வடகீழ்ப் பருவமழை வருடத்தின் கடைசி மாதங்களில் கொட்டும். ஆகவே டீசலில் நீரும் தூசும் கலக்க வாய்ப்பு அதிகம்.

2. டீசல் எஞ்சின் இயங்கும் விதம்

ஜெர்மனியரான ருடோல்ப் டீசல் 1897 இல் இவ்வகை எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினில் உள்ள தீப்பொறிச் செருகி இதில் இல்லை. உருளையினுள் வளி மட்டும் எடுக்கப்பட்டு, முசலத்தினால் ஏறத்தாழ 14 முதல் 22 மடங்கு வரை நெருக்கப்படும். அப்போது வளியின் வெப்பநிலை 500 °C ஐயும் தாண்டும். அந்தச் சூடான வளியினுள் டீசல் மிக நுண்ணிய துளிகளாகப் பாய்ச்சப்படும்போது அது தானாகவே பற்றிக்கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம்.

(அ) டீசல் சரியான அளவில், சரியான நேரத்தில், உயர் அமுக்கத்தில் வரவேண்டும். பழைய வகை எஞ்சின்களில் உட்பாய்ச்சி திறப்பதற்கே பெரும்பாலும் 150 முதல் 250 பார் வரை அமுக்கம் தேவை. புதிய பொதுக்குழாய் வகையில், அதாவது கொமன் ரெயில் எனப்படுவதில், அமுக்கம் 1000 பாருக்கும் மேல் செல்லும்.

(ஆ) திரவம் எளிதில் நெருக்கப்படாது, வளி நெருக்கப்படும். எனவே உட்பாய்ச்சற் பம்பியினுள் வளிக்குமிழி புகுந்தால், பம்பி அந்தக் குமிழியை நெருக்கிக்கொண்டிருக்குமே தவிர உட்பாய்ச்சி திறக்கும் அமுக்கம் உருவாகாது. தாங்கி நிறைய டீசல் இருந்தும் எஞ்சின் நிற்பது இதனாலேயே.

3. எரிபொருள் செல்லும் பாதை

தாங்கி → உறிஞ்சு குழாயும் வலையும் → நீர் பிரிப்பி → ஊட்டற் பம்பி → வடிகட்டி → உட்பாய்ச்சற் பம்பி → உயர் அமுக்கக் குழாய்கள் → உட்பாய்ச்சி

மேலதிக டீசல் திரும்பு குழாய் வழியாக மீண்டும் தாங்கிக்குச் செல்லும். இந்த ஒழுங்கு இயந்திரத்துக்கு இயந்திரம் சிறிது வேறுபடலாம். சிலவற்றில் ஊட்டற் பம்பி மின்னால் இயங்கும். ஆயினும் பாதையின் அடிப்படை ஒன்றே. இதனைப் படமாக வரைந்து பெயரிடப் பழகிக்கொள்ளுங்கள்.

4. உறிஞ்சும் பக்கமும் தள்ளும் பக்கமும்

இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே. கவனமாக வாசியுங்கள்.

ஊட்டற் பம்பிக்கு முன்னுள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். இங்கே குழாயினுள் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்திலும் குறைவு. ஆகவே இங்கு ஒரு வெடிப்போ தளர்ந்த கிளிப்போ இருந்தால், எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வடியாது, வளி உள்ளே செல்லும். நிலத்தில் ஈரம் இராது. கண்ணுக்கு ஒரு பிழையும் தெரியாது.

ஊட்டற் பம்பிக்குப் பின்னுள்ள பகுதி தள்ளும் பக்கம். இங்கே அமுக்கம் கூட. கசிவு இருந்தால் டீசல் வெளியே வரும், கண்ணால் காணலாம்.

"கசிவு ஒன்றும் தெரியவில்லை, ஆகவே குழாய்கள் சரி" என்று எழுதுவது தவறு. தெரியாத கசிவே கூடுதலாகத் தொல்லை தருவது.

5. அறிகுறியும் காரணமும்

• சாவியைத் திருப்பி நிறுத்தியது போலச் சடுதியாக நிற்கிறது: நிறுத்தும் சொலினொயிட்டின் மின்கம்பி தளர்ந்திருக்கலாம். இது முதலில் மின்பிழையாகப் பார்க்கப்பட வேண்டும்.

• வலு மெல்லக் குறைந்து நிற்கிறது, சிறிது நேரத்தின் பின் மீண்டும் ஓடுகிறது: தாங்கி மூடியின் வளித்துளை அடைபட்டிருக்கலாம், அல்லது உறிஞ்சு குழாயின் வாயில் அழுக்கு ஒட்டியிருக்கலாம்.

• வெறுமனே ஓடும்போது நன்றாக ஓடுகிறது, வாளியில் மணல் அள்ளித் தள்ளும்போது இழுவை இல்லை: வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது ஊட்டற் பம்பி பலவீனமாக இருக்கலாம்.

• இரவு நிறுத்தினால் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது: எங்கோ வளி புகுந்து, டீசல் தாங்கிக்குத் திரும்பி வடிந்திருக்கலாம்.

• ஒழுங்கற்று ஓடி வெண்புகை விடுகிறது: டீசலில் வளி அல்லது நீர் கலந்திருக்கலாம்.

• மேட்டில் ஏறும்போது அல்லது ஒருபக்கம் சாயும்போது மட்டும் நிற்கிறது: தாங்கியில் டீசல் குறைவு. சாய்வில் உறிஞ்சு குழாயின் வாய் டீசலுக்கு மேலே வந்துவிடுகிறது.

• கரும்புகையுடன் வலு குறைகிறது: முதலில் வளி வடிகட்டியைப் பாருங்கள். டீசல் வருகிறது, அதற்குப் போதிய வளி இல்லை.

6. பிழை காணும் ஒழுங்கு

படி 1: இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, வாளியை நிலத்தில் இறக்கி, கைத்தடுப்பை இடுக. தாங்கியில் டீசல் உள்ளதா எனப் பார்க்க. அளவுமானியை மட்டும் நம்ப வேண்டாம்.

படி 2: எஞ்சின் தடுமாறும் நேரத்தில் தாங்கி மூடியைத் தளர்த்துக. வளி உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, எஞ்சினும் சீராகுமாயின் மூடியின் வளித்துளையே பிழை. டீசல் குறையும் இடத்தை வளி நிரப்பாததால் தாங்கியினுள் அமுக்கம் குறைந்து, பம்பியால் டீசலை இழுக்க முடியாமல் போகிறது. இச்சோதனைக்குக் காசு தேவையில்லை. ஆகவே இதுவே முதலில்.

படி 3: நீர் பிரிப்பியின் அடித்திருகாணியைத் திறந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வைக்க. நீரின் அடர்த்தி டீசலிலும் கூடியதால் நீர் அடியில் தங்கும். இடையில் தெளிவான கோடு தெரியும்.

படி 4: வடிகட்டி மாற்றப்பட்ட காலத்தைப் பார்க்க. காலம் கடந்திருந்தால் மாற்றுக. புதிய வடிகட்டியினுள் கலனிலுள்ள டீசலை நேரடியாக ஊற்றினால், வடிக்கப்படாத அழுக்கு பம்பிக்குச் செல்லக்கூடும். கைப்பம்பினால் நிரப்புவதே நல்லது.

படி 5: உறிஞ்சும் பக்க ஹோஸ்கள், கிளிப்புகள், வொஷர்களைச் சோதிக்க. வடிகட்டிக்கும் உட்பாய்ச்சற் பம்பிக்கும் இடையே, குறை அமுக்கப் பகுதியில் மட்டும், ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை இணைத்துப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும்.

படி 6: சுத்தமான டீசல் உள்ள வேறொரு கலனை உயரத்தில் வைத்து, ஊட்டற் பம்பியின் உள்வழிக்கு நேரே இணைக்க. எஞ்சின் நன்றாக ஓடினால் பிழை தாங்கி, உறிஞ்சு குழாய், அல்லது ஹோஸில் உள்ளது. அப்போதும் நின்றால் பிழை அதற்குப் பிந்திய பகுதியில். ஒரே சோதனையில் பாதையை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

படி 7: வடிகட்டிக்குச் செல்லும் குழாயைக் கழற்றிப் போத்தலினுள் விட்டு எஞ்சினைச் சுழற்றுக. டீசல் விட்டு விட்டு, ஆனால் வலுவாகப் பீறிட வேண்டும். வெறுமனே சொட்டினால் ஊட்டற் பம்பி அல்லது அதன் டயப்பிரம் பழுது.

படி 8: திரும்பு குழாய் நசுங்கியோ அடைபட்டோ உள்ளதா எனப் பார்க்க.

இவை யாவும் சரியாக இருந்தால் மட்டுமே உட்பாய்ச்சற் பம்பியையும் உட்பாய்ச்சிகளையும் சந்தேகிக்க வேண்டும். அவற்றைப் பிரிப்பதற்குத் தனியான கருவிகளும் பயிற்சியும் தேவை. அது மரத்தடியில் செய்யும் வேலை அல்ல.

7. வளி அகற்றல்

வடிகட்டி மாற்றினாலும், டீசல் முடிந்து எஞ்சின் நின்றாலும், பாதையில் புகுந்த வளியை அகற்ற வேண்டும். பழைய வகை எஞ்சினில் முறை பின்வருமாறு.

(அ) வடிகட்டியின் மேலுள்ள வளியகற்றும் திருகாணியைச் சிறிது தளர்த்துக.
(ஆ) ஊட்டற் பம்பியின் கைப்பிடியை அழுத்தி அழுத்திப் பம்புக. முதலில் நுரை வரும். குமிழி இல்லாமல் டீசல் மட்டும் வரும்போது திருகாணியை இறுக்குக.
(இ) உட்பாய்ச்சற் பம்பியின் திருகாணியிலும் அவ்வாறே செய்க.
(ஈ) கைப்பிடியில் அழுத்தம் தெரியாவிட்டால், பம்பியைத் தள்ளும் கெம் உயர்ந்த நிலையில் நிற்கலாம். எஞ்சினைச் சற்றுச் சுழற்றிவிட்டு மீண்டும் முயல்க.
(உ) ஸ்டார்ட்டரைச் சில செக்கன்கள் மட்டும் இயக்கி, இடையே ஆறவிடுக.

பொதுக்குழாய் வகையில் உயர் அமுக்கக் குழாய்களைத் தளர்த்தி வளி அகற்றவே கூடாது. அதற்குத் தயாரிப்பாளரின் கைந்நூலில் கூறியபடியே செய்ய வேண்டும்.

8. நீரும் நுண்ணங்கிகளும்

தாங்கி பாதி வெறுமையாக இரவில் நின்றால், மேலேயுள்ள ஈரவளி குளிர்ந்து தாங்கியின் சுவரில் நீர்த்துளிகளாகும். அவை அடியில் சேரும். நீருக்கும் டீசலுக்கும் இடையே நுண்ணங்கிகள் பெருகி வழுவழுப்பான கரும்பொருளை உண்டாக்கும். இதைப் பேச்சு வழக்கில் "டீசல் பாசி" என்பர். உண்மையில் இது பாசி அன்று. பாசிக்கு ஒளி வேண்டும், தாங்கியினுள் ஒளி இல்லை. இவை பற்றீரியாக்களும் பங்கசுகளுமாகும். வடிகட்டியை விரைவில் அடைப்பவை இவையே.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, வரிசையில் நின்று பெற்ற டீசலைப் பலர் கலன்களிலும் பீப்பாய்களிலும் சேமித்து வைத்தனர். நீண்ட நாள் இருந்த டீசலைத் தாங்கியில் ஊற்றுமுன், மேலுள்ளதை மட்டும் எடுத்து, அடியில் தங்கியதை விட்டுவிட வேண்டும். டீசலுடன் மண்ணெண்ணெய் கலப்பதும் தவறு. உட்பாய்ச்சற் பம்பியின் பல பாகங்களுக்கு டீசலே உராய்வுநீக்கியாகும். மண்ணெண்ணெயில் அத்தன்மை குறைவு.

தடுக்கும் வழி எளிது: வேலை முடிந்த மாலையில் தாங்கியை நிரப்பி வையுங்கள். நீர் பிரிப்பியை ஒழுங்காகத் திறந்து வடியுங்கள்.

9. பாதுகாப்பு

• உயர்த்திய வாளியின் கீழ் நின்று ஒருபோதும் வேலை செய்யலாகாது.
• உயர் அமுக்கக் கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். மட்டைத் துண்டைப் பிடித்தே பார்க்க வேண்டும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி தெரிந்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சிறு காயம் என்று வீட்டில் இருந்தால் விரலை, கையை இழக்க நேரிடலாம்.
• எஞ்சின் நின்றால் பல லோடர்களில் ஸ்டியரிங் கடினமாகும். அடிக்கடி நிற்கும் இயந்திரத்தை வீதியிலோ சரிவிலோ ஓட்டக் கூடாது.
• வடித்த டீசலைப் பாத்திரத்தில் சேர்க்க. வாவியிலோ கடற்கரை மணலிலோ ஊற்றலாகாது. எமது மீனும் இறாலும் அங்கேதான் வளர்கின்றன.

10. மாதிரி வினாவும் விடையும்

வினா: லோடர் ஒன்று அரை மணித்தியாலம் ஓடியபின் வலு குறைந்து நிற்கிறது. பத்து நிமிடத்தின் பின் மீண்டும் ஓடுகிறது. வெளியே டீசல் கசிவு இல்லை. முதலில் செய்யும் மூன்று சோதனைகளைக் காரணத்துடன் தருக.

விடை: (1) தாங்கி மூடியைத் தளர்த்திப் பார்த்தல். வளித்துளை அடைபட்டால் தாங்கியினுள் அமுக்கம் குறையும். நிறுத்தியபின் வளி மெல்ல உட்புகுவதால் எஞ்சின் மீண்டும் ஓடும். (2) நீர் பிரிப்பியை வடித்தலும் வடிகட்டியைப் பார்த்தலும். நீரும் அழுக்கும் ஓட்டத்தைத் தடுக்கும். (3) உறிஞ்சு குழாயின் வாயையும் இணைப்புகளையும் சோதித்தல். ஒட்டிய அழுக்கு எஞ்சின் நின்றதும் விலகலாம். மேலும், உறிஞ்சும் பக்கத்தில் வெளிக்கசிவு இல்லாமலே வளி புகலாம்.

பயிற்சி வினாக்கள்

1. உறிஞ்சும் பக்கக் கசிவு கண்ணுக்குத் தெரியாதிருப்பது ஏன்?
2. உட்பாய்ச்சற் பம்பியினுள் வளி புகுந்தால் எஞ்சின் நிற்பதற்கான காரணத்தை விளக்குக.
3. சடுதியாக நிற்றலுக்கும் மெல்ல வலு குறைந்து நிற்றலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பிழை காண்பதற்கு எவ்வாறு உதவும்?
4. கரையோரப் பிரதேசத்தில் டீசல் தாங்கியை மாலையில் நிரப்பி வைப்பதன் நன்மை யாது?

விடை எழுதுமுன் பகுதி 3 இல் உள்ள பாதையை ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள். எந்த வினா வந்தாலும் அந்தப் பாதையில் எவ்விடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் விடை தானாக வரும். நாளை உங்களில் ஒருவர் ஸ்பானர் பிடித்து உண்மையான லோடருக்கு முன் நிற்கும்போதும் அதே படம் உதவும்.