ஆடிப்பெருக்குச் சப்பரம்

ஆடி 18 அன்று டெல்டாப் பிள்ளைகள் காவிரிக்கரைக்கு இழுத்துப்போகும் சின்ன மரத்தேர் இது. ஊர்வழக்கில் சப்பரம்.

தேர் உருட்டுவதைக் குழந்தை வளர்ச்சியின் ஒரு படியாகவே தமிழ் எண்ணியிருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சோழ அரசவைப் புலவர் ஒட்டக்கூத்தர், இரண்டாம் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடினார். அந்த இலக்கிய வகைக்குப் பருவங்கள் பத்து. 5-ஆம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, 9-இல் கைகொட்டும் சப்பாணி, 13-இல் தளர்நடை போடும் வருகை என மாதக் கணக்கும் உண்டு. கடைசி மூன்றில் ஆணும் பெண்ணும் பிரிகிறார்கள்: அவனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர், அவளுக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

தமிழ் இப்படிப் பருவம் பிரித்துப் பாடியிருக்க, இடைக்கால ஐரோப்பாவுக்குக் குழந்தைப் பருவம் என்ற தனி உணர்வே இல்லை என்று 1960-இல் எழுதினார் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியேஸ். பின்வந்த அறிஞர் பலர் அதை மறுத்தனர்.

ஆனால் பிள்ளைத்தமிழும் எல்லாப் பிள்ளைகளையும் பாடவில்லை. தெய்வங்கள், அரசர்கள், பெரியோர்கள் அதில் குழந்தையானார்கள். வயலோரம் மாடு மேய்த்த சிறுவனுக்கு அதில் இடமில்லை.

சப்பரத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு சாமி படம், மரச்சக்கரம், இழுக்கக் கயிறு. இழுப்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.