க்யூ பெரிசா இருக்குன்னு திரும்பிடாதீங்க! வாக்குச்சாவடி வரிசை ஏன் நீள்கிறது, நமக்கு என்ன உரிமை?

"காலையில போனேன், ஒரே கூட்டம். மத்தியானம் போகலாம்னா வெயில் மண்டையைப் பிளக்குது. சாயங்காலம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்... அப்புறம் போகவே இல்ல."

ஒவ்வொரு தேர்தல் முடிந்த பிறகும் டீக்கடையிலும் பேருந்திலும் காதில் விழும் பேச்சு இது. ஓட்டுப் போட மனசு இல்லாமல் வீட்டில் இருந்தவர்கள் ஒரு பக்கம். போட வேண்டும் என்று கிளம்பி, வரிசையைப் பார்த்து திரும்பி வந்தவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையினருக்காக.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்று ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. நேரம் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. மாநில அளவில் பதிவானது 69.72 சதவீதம். அதாவது நூறு பேரில் 30 பேர் வாக்களிக்கவில்லை. வெளியூரில் வேலை, உடல்நலம், பட்டியலில் பெயர் இல்லாதது எனக் காரணங்கள் பல. அவற்றில் வரிசைப் பிரச்சினையை மட்டும் கொஞ்சம் முன்தயாரிப்பு இருந்தால் நாமே பெருமளவு சமாளிக்கலாம்.

வரிசை ஏன் நகர மாட்டேங்குது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 2024-ல் ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர்கள் என்ற வரம்பு இருந்தது. அதில் 70 சதவீதம் பேர் வந்தால் 1,050 பேர். காலை 7 முதல் மாலை 6 வரை 660 நிமிடங்கள். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 38 விநாடி.

அந்த 38 விநாடிக்குள் என்னென்ன நடக்க வேண்டும்? முதல் அலுவலர் உங்கள் அடையாள ஆவணத்தைப் பார்த்து, பட்டியலில் பெயரைக் கண்டுபிடித்து சத்தமாக வாசிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் பட்டியலில் சரிபார்ப்பார்கள். இரண்டாவது அலுவலர் பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, விரலில் மை வைத்து, சீட்டு கொடுப்பார். மூன்றாவது அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் பட்டனை அழுத்துவார். பிறகுதான் நீங்கள் மறைவிடத்துக்குப் போய் வாக்களிக்க முடியும். விவிபாட் கருவியின் கண்ணாடிக்குள் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும். பீப் சத்தம் கேட்ட பிறகே அடுத்தவருக்கு வழி.

ஒருவரின் பெயரைத் தேட இரண்டு நிமிடம் ஆனால், பின்னால் நிற்கும் அத்தனை பேருக்கும் அந்தத் தாமதம் போய்ச் சேரும். அதோடு எல்லோரும் சீராக வருவதும் இல்லை. "வெயிலுக்கு முன்னாடி போட்டுட்டு வந்துடலாம்" என்று முதல் இரண்டு மணி நேரத்தில் 300 பேர் வந்துவிட்டால், ஒருவருக்கு 24 விநாடிதான் கிடைக்கும். அந்த வேகம் சாத்தியமில்லை. அதனால் வரிசை நீளும். மெஷின் ரிப்பேர், அலுவலர்கள் மெத்தனம் என்று பலர் நினைப்பார்கள். பல நேரங்களில் காரணம் இந்தக் கணக்குதான்.

ஒரே மாவட்டம், இரண்டு விதமான தாமதம்

வேட்பாளர் எண்ணிக்கையும் வரிசையைப் பாதிக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல், வேடசந்தூர் என 7 சட்டமன்றத் தொகுதிகள். முதல் ஆறும் திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் வரும். வேடசந்தூர் மட்டும் கரூர் மக்களவைத் தொகுதியில் சேரும்.

2024-ல் கரூரில் 54 பேர் போட்டியிட்டார்கள். ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் 16 பட்டன்கள்தான் உண்டு. 54 பேரோடு நோட்டாவும் சேர்ந்தால் 55. ஆக, நான்கு கருவிகளை வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. வேடசந்தூர்க்காரர் ஒருவர் நான்கு கருவிகளிலும் கண்ணை ஓட்டி, தான் தேடும் சின்னம் எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே பட்டனை அழுத்த முடியும். வயதானவர்களுக்கு அது இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

நிலக்கோட்டைக்கு 2019-ல் வேறு மாதிரி அனுபவம். அந்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலோடு நிலக்கோட்டை சட்டமன்ற இடைத்தேர்தலும் நடந்தது. ஒரே ஆள், ஒரே நாள், இரண்டு ஓட்டு. அதே நாளில் பக்கத்து மதுரைத் தொகுதியில் சித்திரைத் திருவிழாத் தேரோட்டம் என்பதால், வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. தேவை இருக்கும் இடத்தில் நேரத்தை மாற்ற வழி இருக்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

கொரோனா காலத்தில் நடந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் ஒரு சாவடிக்கு 1,000 பேர் என்று வரம்பு குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சாவடிகளின் எண்ணிக்கை 88 ஆயிரத்தைத் தாண்டியது. நேரமும் இரவு 7 மணி வரை கூடியது. கூட்டத்தைப் பிரித்தால் வரிசை சுருங்கும் என்பதை அந்தத் தேர்தல் காட்டியது.

2025-ல் இந்தியத் தேர்தல் ஆணையம் ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர்கள் என்று வரம்பை மாற்றியது. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால், 38 விநாடி 47 விநாடியாக உயர்கிறது. கேட்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் நாள் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சாவடிக்கு 210 பேர் குறைகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வரம்பு குறைந்தால் சாவடிகள் பிரிக்கப்படும். "போன தடவை இந்த ஸ்கூல்லதான் போட்டேன்" என்று நேராக அங்கேயே போய் நிற்காதீர்கள். உங்கள் பாகம் எண் மாறியிருக்கலாம், பூத்தும் மாறியிருக்கலாம். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் பட்டியலும் புதிதாகத் தயாரானது. எனவே பெயர் இருக்கிறதா, எந்தச் சாவடி என்ற இரண்டையும் தேர்தலுக்கு முன்பே பார்த்துவிடுவது அவசியம்.

ஒரே பள்ளியில் நான்கு பூத் இருக்கும் இடங்களில் அதிகம் நடப்பது இது: முக்கால் மணி நேரம் நின்று உள்ளே போன பிறகு, "உங்க பேரு இங்க இல்லைங்க, அடுத்த ரூமுக்குப் போங்க" என்பார்கள். மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். பலர் வெறுத்துப்போய் வீடு திரும்புவது இந்த இடத்தில்தான். பாகம் எண், வரிசை எண் இரண்டும் தெரிந்தால் இது நடக்காது. வாக்காளர் தகவல் சீட்டில் இந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று ஆணையம் 2025-ல் முடிவு செய்ததும் இதற்காகத்தான்.

செல்போனில் இருக்கு, போதாதா?

போதாது. ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் சறுக்கும் இடம் இது. வாக்குச்சாவடிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. முன்பெல்லாம் போனை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வாசலிலேயே தகராறு நடக்கும். 2025 மே மாத அறிவிப்பின்படி, சுவிட்ச் ஆஃப் செய்த போனை நுழைவாயில் அருகே உள்ள பெட்டியிலோ சணல் பையிலோ வைத்துவிட்டுப் போகும் வசதி செய்யப்படுகிறது. உள்ளூர் நிலவரத்தைப் பொறுத்து சில சாவடிகளுக்கு இதில் விலக்கு இருக்கலாம்.

ஆகவே போனில் இருக்கும் ஆவணத்தை நம்பி வரிசையில் நிற்க வேண்டாம். மின்னணு வாக்காளர் அட்டையைப் பதிவிறக்கம் செய்திருந்தால், அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் அட்டை இல்லையா? பட்டியலில் பெயர் இருந்தால் மாற்று ஆவணம் காட்டலாம். ஆதார், பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை உள்ளிட்ட 12 ஆவணங்கள் ஏற்கப்படும்.

இரண்டு விஷயத்தை மறக்காதீர்கள். ரேஷன் கார்டு இந்தப் பட்டியலில் இல்லை. பூத் சிலிப் மட்டும் காட்டினாலும் செல்லாது. சிலிப் உங்கள் பெயரை வேகமாகத் தேட உதவும், அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு க்யூவில் இருந்தால்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால், இதை வையுங்கள். வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் நீங்கள் வரிசையில் நின்றால், எவ்வளவு நேரம் ஆனாலும் உங்களை வாக்களிக்க விட வேண்டும். தேர்தல் நடத்தை விதிகள், 1961-ன் 43-வது விதி இதைச் சொல்கிறது.

நடைமுறை எப்படி? முடியும் நேரத்தில், வரிசையில் நிற்பவர்களுக்கு வாக்குச்சாவடி தலைமை அலுவலர் கையெழுத்திட்ட எண் சீட்டு கொடுக்கப்படும். இதைக் கடைசியில் நிற்பவரிடம் இருந்து தொடங்குவார்கள். கடைசி ஆளுக்கு 1-ம் எண். அப்படியே முன்னோக்கி வரும். பின்னால் புதிதாக யாரும் வந்து சேர்ந்துகொள்ள முடியாதபடி செய்யும் ஏற்பாடு இது. சீட்டு கையில் கிடைத்தால் நிம்மதியாக நில்லுங்கள். 5.55-க்கு வந்தவர் 7 மணிக்கு வாக்களிப்பது முழுக்கச் சட்டப்படியானது. 6.01-க்கு வந்தவருக்கு வாய்ப்பு இல்லை.

யாருக்கு வரிசை இல்லை?

முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு முன்னுரிமை உண்டு. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வரிசையை ஒழுங்குபடுத்தும் காவலரிடம் சொன்னால் போதும். குடிநீர், நிழல், கழிப்பறை, சாய்தளம், சக்கர நாற்காலி ஆகியவை ஒவ்வொரு சாவடியிலும் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வசதிகள். இல்லையென்றால் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் 85 வயதைக் கடந்தவர்களோ, 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களோ இருந்தால், வரிசைக்கே வர வேண்டியதில்லை. தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் 12-டி படிவம் கொடுத்தால், அலுவலர்கள் வீட்டுக்கு வந்து வாக்கைப் பெற்றுக்கொள்வார்கள். ஆனால் இதற்கு ஒப்புதல் கிடைத்த பிறகு, சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் நூற்பாலை, தோல் தொழிற்சாலை, பூட்டுப் பட்டறை, சின்னாளபட்டி தறி என்று தினக்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றால் அரைநாள் கூலி போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 135-பி பிரிவு, வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்கிறது. தினக்கூலித் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். வேலையை விட்டு வந்தால் ஆபத்தோ பெரிய நஷ்டமோ ஏற்படும் பணிகளுக்கு மட்டும் விதிவிலக்கு.

நிலக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் மல்லிகை பறிக்கப் போகிறவர்களும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறவர்களும் காலைக் கூட்டத்தில் சிக்க வேண்டியதில்லை. வேலையை முடித்துவிட்டு, கூட்டம் குறையும் நேரம் பார்த்து வரலாம். 2025 பிப்ரவரியில் நடந்த தில்லி சட்டமன்றத் தேர்தலில், எந்தப் பூத்தில் எவ்வளவு கூட்டம் என்று செல்போனிலேயே பார்க்க ஒரு செயலி கொண்டுவரப்பட்டது. அப்படி வசதி இல்லாத இடத்தில், ஓட்டுப் போட்டுவிட்டு வரும் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாலே போதும். இரண்டு பூத் தள்ளி இருப்பவரைக் கேட்காமல், உங்கள் பூத்திலேயே போட்டவரைக் கேளுங்கள்.

மெஷின் நின்னுபோச்சு, என்ன செய்ய?

வாக்குப்பதிவு தொடங்கும் முன்பே முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்திப் பார்ப்பார்கள். அதையும் மீறிப் பழுதானால், மண்டல அலுவலர் தன்னிடம் உள்ள மாற்றுக் கருவியைக் கொண்டுவருவார். விவிபாட் மட்டும் பழுது என்றால் அது மட்டும் மாற்றப்படும். மற்ற கருவிகளில் பழுது என்றால் முழுத் தொகுப்பும் மாற்றப்படும். அதுவரை பதிவான வாக்குகள் பழைய கருவியில் பத்திரமாக இருக்கும், எண்ணும்போது சேர்க்கப்படும். எனவே வரிசையை விட்டுப் போகாதீர்கள்.

உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ வாக்களித்துவிட்டதாகச் சொன்னாலும் சும்மா திரும்ப வேண்டாம். நீங்கள்தான் அந்த வாக்காளர் என்று தலைமை அலுவலர் உறுதிசெய்தால், 49-பி விதிப்படி உங்களுக்கு வாக்குச்சீட்டு கொடுக்கப்படும்.

புகாரை யாரிடம் சொல்வது? முதலில் வாக்குச்சாவடி தலைமை அலுவலர். அங்கே தீரவில்லை என்றால் 1950. செல்போனில் இருந்து அழைக்கும்போது மாவட்டத்தின் எஸ்டிடி எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் நகருக்கு 0451.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

• பட்டியலில் பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் உள்ளே வராது, தாள் வரும்.
• அசல் அடையாள ஆவணம் ஒன்று கையில் இருக்கட்டும்.
• வேட்பாளர் பட்டியலை முன்கூட்டியே பாருங்கள். உங்கள் வேட்பாளர் எத்தனையாவது இடம் என்று தெரிந்தால் உள்ளே தேட வேண்டியதில்லை.
• தண்ணீர் பாட்டிலும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே என்றால் கட்டாயம்.
• வீட்டில் முதியவர் இருந்தால் அவரோடு சேர்ந்து போங்கள். அவருடைய எண்களையும் எழுதிக்கொடுங்கள்.

இந்த ஐந்தையும் செய்துவிட்டு வரும் ஒருவர், உள்ளே ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடுவார். அவருக்கு மிச்சமாகும் நேரம், பின்னால் வெயிலில் நிற்கும் பாட்டிக்கும் மிச்சமாகும்.